ரோட்டரை எங்கே வைப்பது?

ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. கை அசைய அசைய, உள்ளே ரோட்டர் என்னும் அரைவட்ட உலோகத் தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்கிவிடும். இந்த ரோட்டர் இயந்திரத்தின் மேல் தனி அடுக்காக உட்கார்ந்திருந்ததால், 1950களின் தொடக்கத்தில் ஆட்டோமேட்டிக் என்றாலே சட்டைக் கைக்குள் புடைத்து நிற்கும் கடிகாரம்தான்.

சுவிட்சர்லாந்தின் ப்யூரன் நிறுவனம் 1954இல் வழி கண்டது. ரோட்டரைச் சிறிதாக்கி, பல்சக்கரங்கள் இருக்கும் அதே தளத்தில் ஓர் ஓரமாகப் பதித்தது. இயந்திரத்தின் தடிமன் 4.2 மில்லிமீட்டருக்கு இறங்கியது. மறு ஆண்டே யுனிவர்சல் ஜெனீவ் நிறுவனமும் இதே யோசனைக்குக் காப்புரிமை கேட்டது. இருவருக்கும் உரிமைத் தகராறு மூண்டது.

சின்ன ரோட்டரில் ஒரு சிக்கல் உண்டு. எடை, மையத்திலிருந்து தள்ளியிருந்தால்தான் முறுக்கும் விசை கிடைக்கும்; ஆரம் குறைந்தால் விசையும் குறையும். அதை ஈடுகட்டக் கனமான உலோகம் வேண்டும். பியாஜே நிறுவனம் 1960இல் 12பி இயந்திரத்தை 2.3 மில்லிமீட்டரில் செய்தபோது, ரோட்டருக்குத் தங்கத்தைப் பயன்படுத்தியது வெறும் ஆடம்பரத்துக்காக அல்ல. சொக்கத் தங்கத்தின் அடர்த்தி எஃகைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

என்னை அதிகம் கவர்வது 1967இல் ஜேகர் லெகூல்ட் நிறுவனம் உருவாக்கிய 920 இயந்திரம். முழு அளவு ரோட்டரோடு 2.45 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய ரோட்டர் அதிர்ச்சியில் வளைந்து கீழே உரசாதா? உரசாமலிருக்க, அதன் விளிம்பு ஒரு வளையத்தோடு சேர்ந்து சின்னஞ்சிறு ரூபி உருளைகள்மீது ஓடும்படி அமைத்தார்கள். பட்டேக் பிலிப், வஷேரோன், ஓதெமார் பிகே ஆகிய மூன்று நிறுவனங்களும் இதை வாங்கிப் பயன்படுத்தின. ஓதெமார் பிகேயின் 1972 ராயல் ஓக் கடிகாரத்தில் இருந்தது இதன் தேதி காட்டும் வடிவம்.

1970களில் பூஷே லசால் நிறுவனம் இன்னும் துணிந்தது. சக்கரங்களை இருபுறமும் தாங்கும் அமைப்பை எடுத்துவிட்டு, ஒருபுறம் மட்டும் நுண்ணிய பால் பேரிங்குகளில் நிறுத்தி, 2.08 மில்லிமீட்டரை எட்டியது. ஆனால் பழுது பார்ப்பது பெரும்பாடாகிப் போனது. 2018இல் புல்காரி, ரோட்டரை இயந்திரத்தைச் சுற்றி ஓடும் வளையமாக்கி, முழுக் கடிகாரத்தையே 3.95 மில்லிமீட்டரில் முடித்தது.

920இன் வழிவந்த இயந்திரத்துக்கோ ராயல் ஓக்கின் ‘ஜம்போ’ வகையில் 2022இல்தான் மாற்று வந்தது. பூஷே லசாலின் பாடம் இதுதான்: மெல்லிய ஆட்டோமேட்டிக் வாங்க நினைப்பவர்கள், தடிமன் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் சர்வீஸ் எங்கே செய்வார்கள் என்று கேளுங்கள்.