கதிரவனுக்கு ஒரு வெப்பமானி

காய்ச்சல் கண்டவரின் நாவின்கீழ் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறோம். 20 லட்சம் டிகிரியில் கொதிக்கும் பொருளின் காய்ச்சலை எதைக்கொண்டு பார்ப்பது? வைக்கும் கருவி அக்கணமே ஆவியாகிவிடுமே! இவ்வாறு கேட்டார் விடுதி நண்பர் ஒருவர். அவருக்கு நான் சொன்ன விடை இது.

அடுப்பில் உப்புச் சிதறினால் சுடர் மஞ்சளாகிறது. நம் மானசகங்கோத்திரியின் ஆய்வுக்கூடத்தில் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அருகருகே இரு கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்திற்கும் இத்தகைய கோடுகள் உண்டு. அவை அதன் கைரேகை.

வெப்பம் ஏற ஏற, அணு தன் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இழக்கிறது. வெப்பநிலைக்கும் இவ்விழப்புக்கும் உள்ள உறவை 1920இல் சமன்பாடாக வகுத்தவர் நம் நாட்டு மேகநாத் சாஹா. அப்போது அவருக்கு வயது 26. இழப்புக்கேற்பக் கோடுகளும் இடம் மாறும். மக்னீசியத்தின் 12 எலெக்ட்ரான்களில் 10ஐ இழந்த அணு ஒருவகைக் கோட்டையும், 11ஐ இழந்த அணு வேறு கோட்டையும் எக்ஸ் கதிரில் இடுகின்றன. இவற்றின் வலிமையை ஒப்பிட்டால் வெப்பநிலை புலப்படும். துகள்கள் நெருங்கினால் அவற்றின் மின்புலத்தால் கோடு தடிக்கும். அத்தடிப்பு அடர்த்தியைச் சொல்லும்.

இம்முறையைக் கையாண்ட இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடம். அங்குள்ள 'இசட்' எந்திரம், மின்தேக்கிகளில் சேர்த்த ஆற்றலை ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கொட்டிவிடும். இரண்டு கோடி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம், மயிரினும் மெல்லிய டங்ஸ்டன் கம்பிகளை ஆவியாக்கும். அம்மின்னோட்டத்தின் காந்தப்புலமே ஆவியை நடுவே நெருக்கிப் பிழியும். எக்ஸ் கதிர் பீறிடும். அக்கதிரின் எதிரே இரும்பும் மக்னீசியமும் சேர்ந்த மெல்லிய தகட்டை வைத்தனர். மக்னீசியமே வெப்பமானியாயிற்று. அது காட்டியது 19 முதல் 23 லட்சம் கெல்வின்!

அவ்வெப்பத்தில் இரும்பு எவ்வளவு கதிரை மறிக்கிறது என்பதே ஆய்வாளரின் கேள்வி. 2015இல் வெளியிட்ட விடை வியப்பானது: கணித்ததைவிட, அலைநீளத்துக்கேற்ப, 30 முதல் 400 விழுக்காடு வரை மிகுதி. சோதனையில் பிழையா, கணக்கில் பிழையா என்ற வாதமும் உடன் பிறந்தது.

இரும்பு மறித்தால் நமக்கென்ன என்கிறீர்களா? அத்தகைய வெப்பநிலையே கதிரவனின் உள்ளே, கதிர்வழிச் சென்ற ஆற்றல் கொதிநீர்போற் புரண்டெழத் தொடங்கும் எல்லையில் நிலவுகிறது. கதிரவனின் அதிர்வுகள் காட்டும் உட்பகுதியோ நம் கணக்கோடு முழுதும் ஒத்துவரவில்லை. அப்பிணக்கின் ஒரு பங்கை இவ்விரும்பு தீர்க்கக்கூடும். பிற விண்மீன்களின் வயதைக் கணிக்கவும் கதிரவனையே அளவுகோலாகக் கொள்கிறோம். அளவுகோலே பிசகினால் அளந்தவை என்னாவது? ஆகவேதான், நண்பரே, அச்சிறு தகட்டின் காய்ச்சலை அத்தனை அக்கறையோடு பார்க்கிறார்கள்.