அடிக்காதீங்க சார், பையன் படிக்கிறான்!

ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நசுங்கி வீட்டுக்கு வந்தால் பையன் கம்ப்யூட்டர் கேமில் மூழ்கியிருக்கிறான். பக்கத்தில் இங்கிலீஷ் பாடப் புத்தகம் அநாதையாகக் கிடக்கிறது. கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. முதுகில் ஒன்று வைத்தேன்.

“அப்சிடியன் வெட்டிக்கிட்டு இருந்தேன்ப்பா!” என்று அழுதான்.

அப்சிடியனா? நாலு வரி வாசிக்கச் சொன்னால் திக்குகிற பையனா இதைச் சொல்கிறான்? விசாரித்தேன். ‘மைன்கிராஃப்ட்’ கேமில் எரிமலைக் குழம்பின் மேல் தண்ணீர் பட்டால் உண்டாகும் கறுப்புக் கல்லாம். வைரப் பிக்காசு இருந்தால்தான் கிடைக்குமாம். ரகசியமாக டிக்‌ஷனரியைப் புரட்டினேன். நிஜமாகவே எரிமலைக் கல்தான். தெரியாமல் இருந்தது அப்பனுக்குத்தான்!

ஜேம்ஸ் பால் ஜீ என்று ஓர் அமெரிக்க மொழியியல் பேராசிரியர். அவரும் தன் சின்னப் பையன் கேம் ஆடுவதைப் பார்த்தவர்தான். ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு தானே ஆடிப் பார்த்து, 2003-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார். ‘டியஸ் எக்ஸ்’ என்ற கேமோடு வந்த விளக்கப் புத்தகம் முதலில் படித்தபோது அந்தப் பேராசிரியருக்கே புரியவில்லை. சில மணி நேரம் ஆடிவிட்டுப் படித்தால் எல்லாம் விளங்கியது. வார்த்தைக்குப் பின்னால் அனுபவம் இருந்தால்தான் அர்த்தம் மனசில் ஒட்டும் என்கிறார்.

வாஸ்தவம்தான் சார். பி.காம். படிக்கும்போது ‘டெப்ரிசியேஷன்’ என்று மூன்று வருஷம் உருப்போட்டேன். என் பழைய பைக்கை விற்கப் போன அன்றுதான் அது புரிந்தது!

பிரிட்டனில் நேஷனல் லிட்ரஸி டிரஸ்ட் 2020-ல் ஒரு சர்வே வெளியிட்டது. கேம் ஆடும் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர், மாதம் ஒரு தடவையாவது கேம் சம்பந்தமாக எதையாவது படிக்கிறார்களாம். அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டுமே! படிக்காமல் முடியுமா?

அதற்காக ராத்திரி முழுக்க ஆடட்டும் என்று விட்டுவிடாதீர்கள். சும்மா சுட்டுக்கொண்டே இருக்கிற கேமில் வாசிக்க என்ன இருக்கிறது? கதையும் குறிப்பும் உள்ளதாகப் பார்த்துக் கொடுங்கள். நேரத்துக்குக் கணக்கு வையுங்கள். முக்கியமாக, அரை மணி பக்கத்தில் உட்காருங்கள். “இதுக்கு என்னடா அர்த்தம்?” என்று நீங்கள் கேளுங்கள். வாத்தியார் ஆகிற சந்தோஷத்தில் அவன் வாய் ஓயாது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்தேன். கேமுக்குள் எனக்கென்று ஒரு அறை கட்டி, வாசலில் பலகை வைத்திருந்தான். “டாட் ரூம். நோ ஹிட்டிங்.”

‘ஹிட்டிங்’கில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. நான் திருத்தவில்லை.