கதவைத் திறக்கும் வால்

ஒரு பொருளைக் கட்டத்தானே ஆற்றல் வேண்டும், உடைக்க எதற்கு? நாம் சாப்பிட்ட பருப்பின் புரதத்தை வயிற்றிலுள்ள பெப்சின் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் வெட்டித் தள்ளிவிடுகிறது. ஆனால் செல்லுக்குள் நடக்கும் புரத அழிப்புக்கு ஆற்றல் தேவை என்று 1953-லேயே எலியின் கல்லீரல் துண்டுகளை வைத்து மெல்வின் சிம்ப்சன் காட்டிவிட்டார். காரணம் பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

பாதி விடை யுபிக்விட்டின். அழிய வேண்டிய புரதத்தின் மேல் இந்தக் குட்டிப் புரதத்தை அடையாளமாக ஒட்டுவதற்கு ஏடிபி செலவாகிறது. இதைக் கண்டறிந்த சிச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. மீதிப் பாதி, அப்படி அடையாளமிட்ட புரதங்களை வெட்டித் தள்ளும் புரோட்டியசோம் என்ற இயந்திரத்தின் வாசலில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது என் குறை.

புரோட்டியசோமின் உடல் 28 துணைப்புரதங்களால் ஆன உருளை. ஏழேழாக நான்கு வளையங்கள். வெட்டும் இடங்கள் எல்லாம் உள்ளறையில். (வெளிப்புறத்தில் இருந்திருந்தால் செல்லே மிஞ்சியிருக்காது.) உருளையின் இரு முனைகளையும் ஆல்ஃபா துணைப்புரதங்களின் நுனிகள் பின்னிக்கொண்டு அடைத்திருக்கின்றன. அதன்மேல் உட்காரும் தொப்பியின் அடியில் ஆறு ஏடிபியேஸ்கள், ஆர்பிடி1 முதல் ஆர்பிடி6 வரை, ஒரு வளையமாக நிற்கின்றன. ஏடிபியை எரித்து, மடிந்து கிடக்கும் புரதத்தைப் பிரித்து நூலாக்கி உள்ளே இழுப்பது இவைதான்.

ஆறும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. அப்படியானால் வேலையும் ஒன்றுதானா? ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் டேனியல் ஃபின்லியின் குழு ஈஸ்டில் இதைச் சோதித்து 1998-ல் வெளியிட்டது. ஆறிலும் ஏடிபியைப் பிடிக்கும் இடத்தில், ஒவ்வொன்றாக, ஒரே மாதிரி மாற்றம் செய்தார்கள். விளைவு ஆறிலும் ஒன்றாக இல்லை. ஆர்பிடி2-ஐக் கெடுத்தபோதோ, பிரிக்கவே தேவையில்லாத சின்னஞ்சிறு பெப்டைடுகளைக்கூட வெட்டும் திறன் படுத்துவிட்டது. கத்தியில் பழுதில்லை, கதவு திறக்கவில்லை. 2001-ல் அதையும் உறுதி செய்தார்கள்: அடைத்துக்கொண்டிருக்கும் ஆல்ஃபா3-இன் நுனியை நறுக்கிவிட்டதும், கெட்டுப்போன ஆர்பிடி2 இருந்தும் பெப்டைடுகள் வெட்டுப்பட்டன.

திறக்கும் விதம் 2007-ல் ஆல்ஃபிரட் கோல்ட்பர்க்கின் ஆய்வகத்தில் தெளிவானது. ஆர்பிடி2, ஆர்பிடி5 இவற்றின் வால்நுனி ஆல்ஃபா வளையத்தின் இடுக்கில் சாவிபோல் நுழைகிறது, கதவு விலகுகிறது. முழுப் புரதம்கூட வேண்டாம், வாலின் கடைசிச் சில அமினோ அமிலங்களைத் தனியே செய்து சேர்த்தாலே போதும்.

ஈஸ்ட் விவகாரம் நமக்கெதற்கு என்பவர்களுக்கு 2008-இல் பிரிட்டனிலிருந்து வந்த சுண்டெலி ஆய்வைச் சொல்லலாம். மூளையின் சில பகுதி நியூரான்களில் மட்டும் ஆர்பிடி2-க்கான மரபணுவை நீக்கினார்கள். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் லூவி உருண்டைகளைப் போன்றவை, யுபிக்விட்டினும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதமும் கலந்து, அந்த நியூரான்களில் திரண்டன. பிறகு நியூரான்கள் செத்தன. அவற்றில் வெட்டும் உருளைகளுக்குக் குறைவே இல்லை.