இல்லை என்பவரும் தெரியாது என்பவரும்

சென்ற நோன்பு மாதத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் என் தங்கச்சி வீடு. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிபுக்கு எல்லாரும் எழும்பினோம். அவளுடைய மூத்த மகன் எழும்பவில்லை. புத்தளத்தில் பிறந்து, இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பவன்.

"நான் வரேல்ல வாப்பா. மனசில ஒண்டும் இல்லாமத் தொழுதா அது நடிப்பு" என்றான்.

"அப்ப அல்லாஹ் இல்லையெண்டு சொல்றியோ?" என்று மச்சான் கத்தினார்.

"இல்லையெண்டு நான் சொல்லேல்ல. இருக்கிறானா இல்லையா எண்டு எனக்குத் தெரியேல்ல. அதைத்தான் சொன்னனான்."

யாரோ ஒருவர் 'முர்தத்' என்றார். மச்சான் வாசலைக் காட்டினார். "இந்த வீட்டில உனக்கு இனி இடமில்ல. இப்பவே வெளிக்கிடு."

பிறகு வீட்டில் பேச்சில்லை. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி இந்தத் தெருவே 'வெளிக்கிடு' என்ற உத்தரவைக் கேட்டது. வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களில் நாங்களும் இருந்தோம். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்தது சில மணித்தியாலங்கள்தான். அன்று எங்களோடு நடந்துபோன மச்சானின் வாயிலிருந்தே இன்று அந்தச் சொல் வந்தது.

அன்றிரவு பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நான் மார்க்க அறிஞன் அல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். அதன்பின் தேடிப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே வைக்கிறேன். இப்படியொரு பிள்ளை வேறு வீடுகளிலும் இருக்கலாம்.

சொற்களைப் பிரித்துப் பார்த்தல்

நாத்திகம் என்பது கடவுள் இல்லை என்ற முடிவு. அறியொணாவாதம் என்பது வேறு. கடவுள் உண்டா இல்லையா என்பதைத் தன்னால் அறிய முடியவில்லை, அல்லது மனித அறிவால் அறியவே முடியாது என்ற நிலை அது. தோமஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய உயிரியல் அறிஞர் 1869இல் தம் நிலையைக் குறிக்க இதற்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். இவை இரண்டுக்கும் அப்பால், தேடிக்கொண்டிருக்கிறவனின் சந்தேகம் என்று ஒன்றும் உண்டு. மச்சானின் மகன் சொன்னது 'தெரியாது'. மச்சானின் காதில் விழுந்தது 'இல்லை'. வீட்டுச் சண்டைகள் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

நாத்திகர் என்ற சொல்லுக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. இந்தியத் தத்துவ மரபில் வேதத்தைப் பிரமாணமாக ஏற்காதவர்களே நாத்திகர் எனப்பட்டனர். சமணரும் பௌத்தரும் அந்தப் பட்டியலில் இருந்தனர். அந்தக் கணக்கில் பார்த்தால் நாமும் நாத்திகர்தான்! யார் எந்த இடத்தில் நின்று சொல்கிறார் என்பதைப் பொறுத்து இந்தச் சொல்லின் பொருள் மாறியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கையில் பத்துப் பேரில் ஏழு பேர் பௌத்தர்கள். உலகைப் படைத்த ஒருவன் உண்டு என்பது பௌத்தத்தின் அடிப்படை அல்ல. அவர்களோடு கடை நடத்துகிறோம், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறோம், ஆஸ்பத்திரியில் அவர்கள் கையால் மருந்து வாங்குகிறோம். படைப்பாளனை ஏற்காதவரோடு மரியாதையாக வாழ்வது நமக்குப் புதிதல்ல. அப்படிப்பட்டவர் நம் வீட்டுக்குள்ளேயே பிறக்கும்போதுதான் தடுமாறுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கோவூர்

இந்த மண்ணுக்கு நாத்திகமும் புதிதல்ல. கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர் 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். தாவரவியல் அவருடைய பாடம். தந்தை மார்தோமா சபையின் பெரிய பாதிரியார், மகனோ பகுத்தறிவாளர். மத்திய கல்லூரி மெதடிஸ்த மிஷன் நடத்திய பாடசாலை.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. ஓராண்டு வேதபாடம் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு வந்ததாம். மாணவர்கள் மிக நல்ல பெறுபேறு எடுத்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டு அந்தப் பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. காரணம் கேட்டபோது, பெறுபேறு நல்லதுதான், பிள்ளைகளின் விசுவாசம் போய்விட்டதே என்று அதிபர் சிரித்தாராம். கதை எவ்வளவு சரியோ, அதிலுள்ள அதிபரின் நடத்தை எனக்குப் பிடிக்கிறது. தன் சமயத்துக்குக் கேடு என்று பட்டதை அவர் நிறுத்தினார். ஆனால் மனிதரைத் துரத்தவில்லை. கோவூர் அதன்பின்னும் அங்கே தாவரவியல் கற்பித்தார்.

பிற்காலத்தில் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக அவர் உலகப் புகழ் பெற்றார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை. அவருடைய இறைமறுப்பை நாம் ஏற்க மாட்டோம். ஆனால் சூனியம், பேய்பிசாசு என்று ஏழைகளின் பணத்தைப் பறித்தவர்களை அவர் அம்பலப்படுத்தியதை மறுப்பதற்கு நமக்கு என்ன இருக்கிறது? சூனியத்தைப் பெரும்பாவமாகக் கருதும் மார்க்கம் நம்முடையது.

எதிராளியின் சொல்லைச் சரியாகச் சொல்லுதல்

இனி நம் சொந்த மரபுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே மறுப்பாளர் இருந்தனர். இவ்வுலக வாழ்வைத் தவிர வேறில்லை, காலந்தான் நம்மை அழிக்கிறது என்றவர்களைப் பற்றி ஸூரத்துல் ஜாஸியாவின் 24ஆம் வசனம் பேசுகிறது. பின்னாளில் 'தஹ்ரிய்யா' என்ற பெயர் இந்தக் கருத்திலிருந்தே வந்தது. அல்குர்ஆன் முதலில் அவர்களுடைய வாதத்தை எடுத்துச் சொல்கிறது. அதன் பிறகுதான், அது அறிவல்ல, வெறும் ஊகம் என்று மறுக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இப்படித்தான் செய்தார்கள். தத்துவவாதிகளை மறுத்து 'தஹாஃபுத்' எழுதுவதற்கு முன், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை விளக்கி 'மகாஸித்' என்ற தனி நூலையே எழுதினார்கள். அதில் எதிர்வாதம் அவ்வளவு நேர்மையாக இருந்ததால், லத்தீன் மொழிபெயர்ப்பைப் படித்த ஐரோப்பியர் பலர் கஸ்ஸாலியையும் அந்தத் தத்துவவாதிகளில் ஒருவர் என்றே எண்ணிவிட்டனர். இமாம் அவர்கள் சமரசம் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று விடயங்களில் தத்துவவாதிகளின் கருத்து குஃப்ர் என்றே தீர்த்தார்கள். ஆனால் கேட்ட பிறகு தீர்த்தார்கள்.

அதே இமாம் தம் வாழ்க்கைக் குறிப்பான 'அல்முன்கித்'தில், ஏறத்தாழ இரண்டு மாதம் கண்ணையும் அறிவையும்கூட நம்ப முடியாத சந்தேக நோயில் கிடந்ததைச் சொல்கிறார்கள். வாதத்தால் அது தீரவில்லை. அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஒளியால் தீர்ந்தது என்கிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் அவர்களை யாராவது வாசலுக்கு வெளியே தள்ளியிருந்தால்? இந்தக் கேள்வியைத்தான் மச்சானிடம் கேட்டேன்.

நம் அயலவரான சைவரின் மரபிலும் இதைக் காணலாம். 'சிவஞான சித்தியார்' நூலின் பரபக்கம், கடவுளை மறுக்கும் உலகாயதரின் வாதத்தை முதலில் விரித்துச் சொல்லி, அதன்பின்பே மறுக்கிறது. பிறர் கருத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாதவனுக்கு மறுக்கும் தகுதி இல்லை என்பது இரு மரபுக்கும் பொதுவான ஒழுங்கு. மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான். ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. ஒருவர் சொன்னதை, அவர் சொன்னபடி கேட்க வேண்டும்.

கேட்காத இடத்தில் நடப்பது

2017 மார்ச் 16ஆந் திகதி இரவு கோயம்புத்தூரில் ஃபாரூக் என்ற 31 வயது இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இறைமறுப்பை வெளிப்படையாக எழுதியதே காரணம் என்று கூறப்பட்டது. கைதானவர்கள் நம் சமுதாயத்தவர்.

இதே தமிழகத்தில் ஒரு காலத்தில் மீலாத் மேடைகளுக்குப் பெரியார் ஈ.வெ.ரா.வை அழைத்துப் பேச வைத்தவர்களும் நம்மவர்கள்தான். நாத்திகர் ஒருவர் நபிகளாரின் சமத்துவப் போதனையைப் புகழ்வதைக் கேட்டு அவர்களுடைய ஈமான் குறைந்துவிடவில்லை.

மார்க்கத்தை விட்டவருக்குப் பண்டைய ஃபிக்ஹ் நூல்கள் கடும் தண்டனை சொல்வதை மறைக்க முடியாது. அது அரச துரோகத்தோடு தொடர்புபட்ட சட்டம் என்று இக்கால அறிஞர் பலர் வாதிடுகின்றனர். எப்படி எடுத்தாலும், விசாரணையும் தீர்ப்பும் இல்லாமல் தனிமனிதன் கத்தியைத் தூக்க அந்த நூல்களிலும் இடமில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது ஸூரத்துல் பகராவின் 256ஆம் வசனம். மனிதர்கள் நம்பிக்கையாளராகும்வரை நீர் அவர்களை நிர்ப்பந்திப்பீரா என்று நபியவர்களையே கேட்பது ஸூரத்து யூனுஸின் 99ஆம் வசனம். நபியவர்களுக்குத் தரப்படாத அதிகாரம் மச்சானுக்கு எங்கிருந்து வந்தது?

மரியாதை இரு பக்கமும் வேண்டும்

மருமகனுக்கும் சில சொன்னேன். தெரியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. உம்மும்மாவின் நோன்பைப் பார்த்துச் சிரிக்க உரிமை இல்லை. ஃபேஸ்புக்கில் நாலு வரி வாசித்துவிட்டு, தொழுகிறவனெல்லாம் முட்டாள் என்று எண்ணினால் நீயும் கேட்காமல் தீர்ப்புச் சொல்பவன்தான்.

அப்போது என் கணக்கு வாத்தியாரைப் பற்றியும் சொன்னேன். எண்பதுகளில் வண்ணார்பண்ணையில் அவரிடம் ரியூஷன் படித்தேன். சைவக் குடும்பம், அவர் கம்யூனிஸ்ட், கடவுள் நம்பிக்கை அறவே இல்லாதவர். அஸர் பாங்கு கேட்டதும் சோக்குக்கட்டியை வைத்துவிட்டு, "போய்த் தொழுதிட்டு வாங்கோ தம்பிமார். கணக்கு எங்கையும் ஓடாது" என்பார். காலையில் தன் அம்மாவின் சாமியறைக்குச் செவ்வரத்தம்பூ பிடுங்கிக் கொடுப்பதும் அவர்தான். "நீங்கள்தான் நம்பிறேல்லையே சேர்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "நான் நம்பேல்ல. அம்மா நம்பிறா. பூ அம்மாவுக்கு" என்றார். கேட்டால் தன் கருத்தை ஒளிக்காமல் சொல்வார். கேட்காமல் ஒருநாளும் சொன்னதில்லை. அவரிடம் படித்து என் ஈமான் குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

மச்சான் பன்னிரண்டு நாள் பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, உள்ளே வராமலே, "அவன் சாப்பிட்டவனோ?" என்று கேட்டார். அன்றிரவே பிள்ளை வீட்டுக்குப் போனான்.

அவன் இன்னும் தொழத் தொடங்கவில்லை. ஆனால் நோன்பு முடியும்வரை ஒவ்வோர் இரவும், பெண்கள் தராவீஹ் தொழும் வீட்டுக்கு உம்மாவைக் கூட்டிப்போய், முடியுமட்டும் ஒழுங்கையில் காத்து நின்றான். தங்கச்சி அவனுக்காக துஆ கேட்கிறாள். அது அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.