கிறிஸ்துமஸ் குடிலில் இடம்பெறாத மனிதர்கள்: சகரியா முதல் அன்னாள் வரை

கிறிஸ்துமஸ் குடில்களில் குழந்தை இயேசு, மரியாள், யோசேப்பு, இடையர்கள், கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் ஆகியோரின் உருவங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால், இயேசுவின் பிறப்பை விவரிக்கும் லூக்கா, மத்தேயு நற்செய்திகளில் வரும் வேறு சிலருக்குக் குடிலில் இடமில்லை. அவர்களில் பலர் முதியோர். சிலருக்குப் பெயர்கூட இல்லை.

பேச்சிழந்த குரு

லூக்கா நற்செய்தி பெத்லகேமில் தொடங்கவில்லை. எருசலேம் ஆலயத்தில் தொடங்குகிறது. அங்கு பணிபுரிந்த குரு சகரியாவிடம், முதிர்வயதில் அவருக்கு மகன் பிறப்பான் என்று வானதூதர் அறிவிக்கிறார். அதை நம்பாததால் அவர் பேச்சை இழக்கிறார். அவரது மனைவி எலிசபெத்து, மரியாளின் உறவினர். கருவுற்ற மரியாள் அவரைத் தேடிச் சென்று ஏறக்குறைய மூன்று மாதங்கள் உடன் தங்குகிறார். குழந்தை பிறந்ததும் தந்தையின் பெயரையே சூட்ட உறவினர்கள் முனைகின்றனர். சகரியா எழுதுபலகையை வாங்கி 'யோவான்' என எழுதுகிறார்; உடனே பேச்சு திரும்புகிறது. அக்குழந்தையே திருமுழுக்கு யோவான்.

காத்திருந்த இருவர்

குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது பெற்றோர் செலுத்த வேண்டிய காணிக்கையாக இரு பறவைகளை லூக்கா குறிப்பிடுகிறார். ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்கு யூதச் சட்டம் அளித்த சலுகை அது. அங்கே சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி இறைவனைப் போற்றுகிறார். மரியாளின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்றும் எச்சரிக்கிறார்.

அதே வேளையில் வருபவர் அன்னாள். ஆசேர் குலத்தைச் சேர்ந்த இறைவாக்கினர். ஏழு ஆண்டுகளே கணவருடன் வாழ்ந்து கைம்பெண்ணானவர். அவரைப் பற்றி 84 என்ற எண்ணை லூக்கா தருகிறார். அது அவரது வயதா, கைம்மை வாழ்வின் ஆண்டுகளா என்பதில் அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. மீட்புக்காகக் காத்திருந்த அனைவரிடமும் குழந்தையைப் பற்றிப் பேசியவர் இவரே.

பெயரற்ற குழந்தைகள்

மத்தேயு நற்செய்தியில் மகிழ்ச்சியுடன் அச்சமும் கலந்துள்ளது. தன் அரியணைக்குப் போட்டி எழும் என அஞ்சிய மன்னன் ஏரோது, பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆணையிடுகிறான். யோசேப்பின் குடும்பம் இரவோடு இரவாக எகிப்துக்குத் தப்பிச் செல்கிறது. கொல்லப்பட்ட குழந்தைகளின் பெயரோ எண்ணிக்கையோ நற்செய்தியில் இல்லை.

பின்னாளில் சேர்ந்தவை

மாறாக, நாம் நன்கறிந்த சில செய்திகள் நற்செய்திகளில் இல்லை. ஞானிகள் மூவர் என்று மத்தேயு கூறவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கைகளை மட்டுமே குறிப்பிடுகிறார். இடமில்லை என்று திருப்பி அனுப்பிய விடுதிக்காரரும், மாடும் கழுதையும் லூக்காவின் விவரிப்பில் வருவதில்லை. பேறுகாலத்தில் உதவ அழைக்கப்பட்ட மருத்துவச்சி, விவிலியத்தில் சேராத இரண்டாம் நூற்றாண்டு நூலான யாக்கோபின் முதல் நற்செய்தியில் வருகிறார்.

குடிலில் இல்லாத இவர்களைத் திருவழிபாட்டு நாள்காட்டி மறக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை, கொல்லப்பட்ட குழந்தைகளை டிசம்பர் 28-ஆம் தேதி நினைவுகூர்கிறது. சிமியோனும் அன்னாளும் குழந்தையைக் கண்ட நிகழ்வு, கிறிஸ்துமஸிலிருந்து 40-ஆவது நாளான பிப்ரவரி 2-ஆம் தேதி விழாவாகக் கொண்டாடப்படுகிறது.