பந்திக்கு முந்திய கணக்கு



ஆண்டுவிழா நெருங்கிவிட்டால் மேடைக்கு ஒரு குழு, வரவேற்புக்கு ஒரு குழு, உணவுக்கு ஒரு குழு எனப் பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்வீர்கள். மேடையில் பிழை நேர்ந்தால் நகைப்போடு போய்விடும். உணவில் பிழை நேர்ந்தால் உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின், பலருக்கு உணவளிக்கத் திட்டமிடுவது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கணக்கு, அளவு. இதற்கு நாள்தோறும் நம் கண்முன் நிற்கும் சான்று பள்ளி உணவே. 1956ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, மதிய உணவுத் திட்டம் நம் மாநிலத்தில் பரவத் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கிற்று. தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு ஒருவேளைக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம். நடுநிலை வகுப்பினருக்கு முறையே 150, 30, 75 கிராம் என்பது நாடு முழுமைக்கும் உரிய வரையறை. சிறுவர் 120 பேர், அவர்களினும் மூத்தோர் 180 பேர் எனக் கொள்வோம். அரிசி 39 கிலோ, பருப்பு ஏழே முக்கால் கிலோவிற்குச் சற்று மேல், காய்கறி 19½ கிலோ வேண்டும். நீங்களே பெருக்கிப் பாருங்கள். விருந்தாயின் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது கணக்கு, காலம். இதனை நான் பட்டறிந்தே கற்றேன். கன்னிவாடியில் நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் ஓர் ஆண்டுவிழா. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறிகள் முதல்நாளே வந்துவிட்டன. "காலை எட்டு மணிக்கெல்லாம் சமையல் முடிந்துவிட வேண்டும்" என்று கட்டளையிட்டேன். சமைக்க வந்த முதிய அம்மையார், "ஐயா, தயிரைப் பந்தி போடும்போது கலந்துகொள்வோம், தேங்காய்த் துவையலும் அப்போதே அரைக்கலாம். வெயிலுக்கு நிற்காது" என்றார். நான் கேட்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வரவேண்டிய விருந்தினர் காலந்தாழ்த்து வந்தார். பன்னிரண்டரை மணிக்குப் போட வேண்டிய பந்தி, இரண்டரை மணிக்குத்தான் கூடிற்று.

அம்மையார் அண்டாவைத் திறந்து முகர்ந்தார். "இதைப் பிள்ளைகளுக்குப் போடமாட்டேன் ஐயா" என்றார். விருந்தினர் முன்னிலையில் எனக்குச் சினமும் நாணமும் ஒருங்கே எழுந்தன. எனினும் அண்டா கவிழ்க்கப்பட்டது. மீண்டும் உலை வைத்து, வெறும் ரசமும் சோறும் பரிமாறும்வரை முந்நூறு பிள்ளைகளும் பசியோடு காத்திருந்தனர்.

இதன் காரணத்தை அறிவியல் விளக்குகிறது. அரிசியில் இருக்கும் சிலவகை நுண்ணுயிர்களின் வித்துகள் உலைக் கொதிப்பிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் மூடிக்கிடந்தால் அவ்வித்துகள் முளைத்துப் பெருகுகின்றன. அவற்றுள் சில உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே, சமைத்த உணவை 60 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் வைத்திருக்க வேண்டும்; இயலாவிடின் இரண்டு மணி நேரத்திற்குள் பரிமாறிவிட வேண்டும். நெடுவழி செல்வோர் நம் நாட்டில் புளியோதரையைக் கட்டிச் சென்றது ஏன் என்பது இப்போது விளங்கும். புளியின் காடியும், நீர் குறைந்த பக்குவமும் அதனை எளிதிற் கெடாமற் காக்கின்றன. ஆகவே, உண்ணும் நேரத்தை முதலில் குறியுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அடுப்பை மூட்டுங்கள். அக்காலத்தைத் தாங்கும் உணவு எதுவோ அதனையே தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது கணக்கை ஏட்டில் எழுத இயலாது. அது, சமைப்பவர் சொல்லுக்கு நாம் அளிக்கும் மதிப்பு. பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில், 2013ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள், பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை எனச் சமைத்த பெண்மணி ஐயுற்றுக் கூறியும், அவர் சொல் ஏற்கப்படவில்லை என்று அந்நாளைய செய்திகள் தெரிவித்தன. பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவர் உட்படப் பெரியவர்கள் உண்டுபார்க்க வேண்டும் என்னும் விதி எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அச்செய்தியைப் படித்த நாளன்று, கவிழ்ந்து கிடந்த எங்கள் அண்டாவே என் நினைவில் எழுந்தது. அம்மையார் என் பதவிக்கு அஞ்சி வாளா இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நாளை உங்கள் விழாவிற்கு நீங்கள் பொறுப்பேற்கும்போது, அரிசிக் கணக்கையும் மணிக்கணக்கையும் எழுதி முடித்தபின் அடுப்படிக்குச் செல்லுங்கள். "அம்மா, இது சரிவருமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அதனை நிறுத்திவிடுங்கள்.