முதுமையும் வீடு தேடி வரும் உணவும்

முதுமையிலும் பழகிய வீட்டிலேயே வாழவேண்டும் என்பது முதியோர் பலரின் விருப்பம். அதற்கு முதல் தடையாவது பல வேளைகளில் நோயன்று, அடுப்படியே. கடைக்கு நடப்பதும் கொதிக்கும் உலையை இறக்குவதும் இயலாதபோது, தேநீரும் ரொட்டியுமே உணவாகிவிடுகின்றன. புரதம் குறையத் தசை மெலிகிறது; தசை மெலிய, கால் தடுமாறி விழுதல் நேர்கிறது.

இக்குறை தீர்க்க எழுந்ததே, சமைத்த உணவை வீட்டிற்கே கொண்டு சேர்க்கும் முறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் தோன்றிய இது, 1954-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் தொடங்கப்பெற்றது. வாரம் ஒருமுறை உறைந்த உணவு பெற்றோரைவிட, நாள்தோறும் உணவு பெற்றோர்க்குத் தனிமையுணர்வு குறைந்ததாக 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. கதவைத் தட்டி நலம் வினவுவதும் உணவின் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும். விழுந்து கிடப்பவரை முதலில் காண்பவரும் உணவு கொணர்பவரே ஆகலாம்.

பீடோங் வட்டாரத் தோட்டங்களில் இதற்கு முன்னொரு கேள்வி உண்டு. லயத்து வீடுகள் நிர்வாகத்தின் உடைமை. வேலை ஓய்ந்ததும் வீட்டையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. வீடு நிலைத்தாலன்றி உணவு எவ்வாறு தேடிவரும்?

வீடு உடைய முதியோர்க்கோ, மலேசியச் சமூகநலத் துறையின் இல்ல உதவித் திட்டத் தொண்டர்கள் துணையாகின்றனர். கோயில்களில் அன்னதானச் சமையலும் நமக்குப் புதிதன்று. பந்திக்கு வர இயலாதவர் வாயிலுக்கு ஒரு தூக்குச்சட்டி செல்லுமாயின், அவ்வறம் முழுமை பெறும்.